பழைய காரில் பெட்ரோல் வாடையா? எங்கே என்று தேடும் முன் எப்போது என்று பாருங்கள்

பதினைந்து இருபது வருடம் ஓடிய மாருதி 800, ஆம்னி, ஜென், பழைய சான்ட்ரோ என்று ஏதாவது ஒரு பெட்ரோல் கார் இருக்கிற வீட்டில் என்றைக்காவது இந்தக் கேள்வி வந்தே தீரும்: “வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்குதா, இல்ல எனக்கு மட்டும்தான் தெரியுதா?” கேட்பவர் பெரும்பாலும் பின்சீட்டில் இருப்பவராகத்தான் இருப்பார். தினமும் ஓட்டுபவரின் மூக்கு அதற்குப் பழகிப்போயிருக்கும்.

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, “பெட்ரோல் வாடை வருதுண்ணே, என்னன்னு பாருங்க” என்று மட்டும் சொல்லி வந்தால் என்ன நடக்கும்? பானட்டைத் திறப்பார். கண்ணில் படுகிற ஹோஸ் கிளிப்பை ஒரு திருகு இறுக்குவார். சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வந்துவிடும், வாடையும் கூடவே வந்துவிடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடை அடித்த நேரத்தில் வண்டி உங்களிடம் இருந்தது, அவரிடம் இல்லை. அது டேங்க் நிரப்பியதும் வந்ததா, காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்ததா, வெயிலில் ஓடி வந்து நிறுத்தியபின் வந்ததா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு தகவலே பாதி வேலையை முடித்துவிடும். புதிதாகப் பழைய கார் வாங்கியவர்கள், அப்பாவின் காரைக் கையில் எடுத்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஸ்பானர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

நம் மூக்கு பெட்ரோலை மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு காற்றில் கலந்திருந்தாலே பலருக்குத் தெரியும். பற்றிக்கொள்ள வேண்டுமென்றால் காற்றில் சுமார் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருக்க வேண்டும், அதாவது பத்து லட்சத்தில் 14,000 பங்கு. ஆக, லேசாக வாடை அடித்ததுமே வண்டி வெடித்துவிடாது. ஆனால் அந்த லேசான வாடை எங்கோ ஒரு மூலையிலிருந்து கிளம்புகிறது. அந்த மூலையில் ஆவி எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதை உங்கள் மூக்கு சொல்லாது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். ஊட்டிக் குளிரெல்லாம் அதற்கு ஒரு குளிரே இல்லை. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு ஓடி, போர்டிகோவின் மூலையிலும் சாக்கடைத் திறப்பிலும் தங்கும்.

அதனால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். வண்டிக்கு அடியில் ஈரம் சொட்டுகிறது, பானட்டைத் திறந்தால் இன்ஜின்மேல் ஈரம் தெரிகிறது, கதவைத் திறந்ததுமே கண் எரிகிற அளவுக்கு வாடை, ஓடும்போது திடீரென்று வாடை பலமாகிறது: இந்த நான்கில் எது நடந்தாலும் கீழே எழுதியிருக்கும் சோதனை எதுவும் வேண்டாம். ஓடும்போது என்றால் ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் இதில் ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது. வீட்டில் என்றால் ஸ்டார்ட் செய்யாமல், நியூட்ரலில் போட்டுத் திறந்த வெளிக்குத் தள்ளுங்கள். ஷெட்டுக்குள் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், ஏற்கெனவே எரிந்தால் அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் வரும் சிறு பொறி போதும். தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, எரியும் பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்து பரவும். ஏபிசி பவுடர் தீயணைப்பு சிலிண்டர் சிறியதாக ஒன்று வண்டியில் இருப்பது நல்லது. கைமீறினால் 101 அல்லது 112.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைச் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமையோ ஆயுத பூஜையோ, வாடை தீரும்வரை வண்டிக்குக் கற்பூரம் காட்ட வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

முதலில், வாடை உங்கள் காருடையதுதானா?

சிரிக்க வேண்டாம். போர்டிகோவில் காருக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய பைக்கின் காபரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) ஓவர்ஃப்ளோ ஆகி, அந்த வாடை கார் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே போய்த் தங்குவது அடிக்கடி நடக்கிற விஷயம். ஓர் இரவு பைக்கை வேறு இடத்தில் நிறுத்திப் பாருங்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜெனரேட்டருக்கோ பைக்குக்கோ என்று வாங்கிய பெட்ரோல் பாட்டில், பெயின்ட் வேலையில் மிஞ்சிய தின்னர், கிரீஸ் துடைத்த துணி இதெல்லாம் ஸ்டெப்னிக் குழியில் கிடக்கும். பங்கில் தரையில் சிந்தியிருந்த பெட்ரோலை மிதித்த செருப்பு கால்மிதியில் விட்டுப்போன வாடையும் ஒரு நாள் முழுக்க இருக்கும்.

கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் அந்த வாடை வேறு. எல்பிஜி, சிஎன்ஜி இரண்டிலும் கசிவு தெரிவதற்காகவே அழுகிய முட்டைக்கோஸ் மாதிரியான நாற்றத்தைக் கலக்கிறார்கள். அது வந்தால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு நேரே கிட் போடுகிறவரிடம் போங்கள். ஆனால் கிட் போட்ட வண்டியில் பெட்ரோல் வாடையே வருகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோல் லைனில் வெட்டி நுழைத்திருக்கும், மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்ட் வால்வையும் அதன் இருபக்க ஹோஸையும்தான். மாதக்கணக்கில் கேஸிலேயே ஓட்டுவதால் பெட்ரோல் பக்கத்து ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். என்றைக்காவது பெட்ரோலுக்கு மாற்றும்போது ஒழுகும்.

மூன்றாவதாக, புகையையும் பச்சைப் பெட்ரோலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பச்சைப் பெட்ரோல் வாடை பங்கில் நிற்கும்போது வருவது. சரியாக எரியாத புகையில் பெட்ரோலோடு ஒரு கருகலும் கண்ணெரிச்சலும் இருக்கும். சைலன்சரிலிருந்து வருவது கசிவு இல்லை, இன்ஜின் அதிகமாகப் பெட்ரோல் குடிக்கிறது அல்லது ஒரு பிளக் மிஸ் ஆகிறது. புகைச் சான்று எடுக்கும் இடத்தில் தரும் சீட்டைக் கூர்ந்து பாருங்கள். கார்பன் மோனாக்சைடு வரம்பு, பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் 2-ஆம் கட்டத்துக்கு முந்தைய கார்களுக்கு 3 சதவீதம், ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதம். அளவு வரம்பை ஒட்டியோ தாண்டியோ இருந்தால் தேட வேண்டியது சோக் (குளிரில் ஸ்டார்ட் ஆகக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது), காபரேட்டர் டியூனிங், ஏர் ஃபில்டர், பிளக், சென்சார் பக்கம். புகை கேபினுக்குள் வருவது பெட்ரோல் வாடையைவிட மோசம், ஏனென்றால் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. ஆம்னியில் பீரோ ஏற்றிக்கொண்டு பின்கதவைத் திறந்து கட்டியபடி ஓட்டினால் வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று புகையை அப்படியே உள்ளே இழுத்துவரும். பின்கதவு ரப்பர் பீடிங் கிழிந்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக அதேதான் நடக்கும்.

எப்போது அடிக்கிறது?

ஒரு வாரம் போனில் குறித்துவையுங்கள். வாடை வந்த நேரம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், இன்ஜின் சூடா குளிரா, வண்டி சமதளத்திலா சரிவிலா, ஜன்னல் திறந்திருந்ததா, ஏசி எந்த நிலையில். இவ்வளவு போதும். உங்கள் மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். வாடைக்குள் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். வெளியிலிருந்து வரும் ஒருவரைக் கூப்பிட்டு, கதவைத் திறந்ததும் தெரிகிறதா என்று கேளுங்கள்.

ஃபுல் டேங்க் போட்ட அன்றும் மறுநாளும் மட்டும் வாடை, பாதிக்குக் கீழே போனதும் காணோம் என்றால் கோளாறு டேங்கின் மேல்பாதியில் இருக்கிறது. அங்கே உள்ளவை சில பொருட்கள்தான்: மூடியும் அதன் வாஷரும், மூடியிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய், அதற்குப் பக்கத்தில் ஒல்லியான காற்றுக் குழாய், டேங்கின் மேல் உட்காரும் பெட்ரோல் மீட்டர் ஃப்ளோட் அல்லது பம்ப், அதன் இணைப்பில் கசிவை அடைக்கும் கேஸ்கெட். மூடி வாஷரில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், இது ஒரு நிமிட வேலை. தடித்த குழாய் உடம்புத் தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதன் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்தால், நிரப்பும்போது கொஞ்சம் வழிந்து சக்கரத்தின் உட்பக்கம் இறங்கும். பங்கில் நிரப்பும்போதே கீழே குனிந்து பார்த்தால் பிடித்துவிடலாம்.

இங்கே பங்க் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டோ கட் ஆனபிறகும் “ரவுண்டா போட்டுடலாம் சார்” என்று இரண்டு முறை அழுத்துவார்கள். பெட்ரோல் சூட்டில் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த 35 லிட்டர், வெயிலில் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டர் கூடிவிடும். அது எங்கே போகும்? எம்பிஎஃப்ஐ வண்டிகளில், அதாவது காபரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகளில், டேங்க் ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கறுப்பு கரி டப்பா உண்டு, கேனிஸ்டர் என்பார்கள். ஆவிக்காக வைத்த அந்தக் கரியில் திரவப் பெட்ரோலே போய் ஊறிவிட்டால் அது வேலை செய்யாது. பிறகு வெயிலில் நிற்கும்போதெல்லாம் வாடை வரும். இந்தப் பழக்கத்தை நிறுத்தினாலே சில வண்டிகளில் வாடை நின்றுவிடும். கரி முழுக்க ஊறிப்போயிருந்தால் டப்பாவை மாற்றத்தான் வேண்டும்.

சரிவில் நிறுத்தினால் மட்டும் வாடை என்றாலும் டேங்க் மேல்பாதியைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு மாருதி 800, வீட்டுச் சாய்தளத்தில் மூக்கைக் கீழே வைத்து நின்றால் மட்டும் காலையில் வாடை. தெருவில் சமமாக நிறுத்தினால் ஒன்றுமில்லை. காபரேட்டரை இரண்டு தடவை பிரித்து மாட்டியிருந்தார்கள். கடைசியில் டேங்க் மேல் மீட்டர் யூனிட்டின் கேஸ்கெட். சாய்வில் பெட்ரோல் முன்பக்கம் ஏறி அந்த கேஸ்கெட்டைத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வெயிலில் ஓடிவந்து அணைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாடை எழுகிறதா? காபரேட்டர் வண்டியா என்று முதலில் பாருங்கள். மாருதி 800 காபரேட்டரிலிருந்து எம்பிஎஃப்ஐக்கு மாறியது 2000-ஐ ஒட்டித்தான், அதனால் அதற்கு முந்தைய வண்டி என்றால் பெரும்பாலும் காபரேட்டர். இன்ஜின் அணைந்ததும் விசிறிக் காற்றும் நின்றுபோய், சூடு மேலே ஏறி, காபரேட்டர் கிண்ணத்தில் மிச்சமுள்ள பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். சித்திரை வெயிலில் பழைய வண்டிகளுக்கு இது கொஞ்சம் இருக்கும்தான். தினமும், மழைக்காலத்திலும் வருகிறது என்றால் கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டோ நீடில் வால்வோ சரியாக மூடவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் அணைந்த நிலையில் காபரேட்டர் வாயை எல்இடி டார்ச்சில் பாருங்கள். உள்ளே எதுவும் சொட்டக் கூடாது. மூக்கும் கண்ணும் போதும், கையை விட வேண்டாம். அருகில் யாரும் பீடி பிடிக்கவும் வேண்டாம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்து, ஐந்து நிமிடத்தில் மறைந்தால் இரண்டில் ஒன்று. காபரேட்டர் வண்டியில் சோக் இழுத்து அதிகம் மிதித்திருப்பீர்கள், அது குற்றமில்லை. எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்ஜெக்டரின் கீழும் மேலும் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். குளிரில் சுருங்கி ஒழுகி, சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சமவெளிக்காரர்களைவிட முன்னாலேயே தெரிந்துவிடும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. சூடான இன்ஜின்மேல் அழுத்தத்தோடு பீய்ச்சும் இடம் அது.

ஓடும்போது மட்டும் வருகிறது, ஏசியை உள்காற்றுக்கு மாற்றினால் நின்றுவிடுகிறது என்றால் வாடை பானட்டுக்கு அடியில் பிறக்கிறது. வெளிக்காற்று உறிஞ்சும் இடம் முன்கண்ணாடிக்குக் கீழே, பானட்டின் விளிம்பிலேயே இருக்கிறது. உள்காற்றிலும் அப்படியே அடித்தால் பின்சீட்டுப் பக்கம், அடித்தளம், டேங்க் என்று போங்கள். ஆம்னிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் சீட்டைத் தூக்கி, இன்ஜின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பரைப் பாருங்கள். அது நைந்திருந்தால் இன்ஜின் பக்கம் உள்ள எந்த வாடையும் நேராக உங்கள் மடிக்கு வரும். ரப்பரை மாற்றினால் வாடை குறையும், ஆனால் கசிவு நிற்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கண்ணால் தேடுதல்

இப்போது உங்களிடம் ஒரு சந்தேகம் இருக்கும். இன்ஜின் முழுக்க ஆறியபின், வெட்டவெளியில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பழைய மஞ்சள் பல்பு கைவிளக்கு வேண்டாம், உடைந்தால் பொறி. எல்இடி டார்ச்சைத் தூரத்திலேயே ஆன் செய்துவிட்டு அருகே கொண்டுபோங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆயில் ஸ்டிக்கை உருவுங்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இதுதான் என் முதல் சோதனை. இன்ஜின் பக்கவாட்டில் பொருத்திய அந்தப் பம்புக்குள் டயாபிராம் என்ற ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் ஆடிப் பெட்ரோலை இழுக்கிறது. அது கிழிந்தால் பெட்ரோல் இரண்டு வழியில் போகும். ஒன்று, பம்பின் அடிப்பக்கம் உள்ள சிறு துளை வழியாக வெளியே. அது நல்ல சகுனம், கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, சத்தமில்லாமல் இன்ஜின் ஆயிலுக்குள். ஸ்டிக்கில் ஆயில் ‘ஃபுல்’ கோட்டைத் தாண்டி நிற்கும், விரலில் தடவினால் தண்ணீர் மாதிரி ஓடும், முகர்ந்தால் பெட்ரோல். ஆயில் ஊற்றாமலே அளவு ஏறுகிறது என்று சந்தோஷப்படக் கூடாது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அடுத்து ஹோஸ்கள். பெரும்பாலான வண்டிகளில் மூன்று குழாய்கள்: டேங்கிலிருந்து வருவது, மிச்சம் திரும்பிப் போவது, ஆவி போவது. இவை நீளத்துக்கு இரும்புக் குழாயாக ஓடி, இரு முனைகளில் ரப்பராக மாறும். இரும்பு ரப்பராக மாறும் அந்த இடங்கள்தான் ஒழுகும். கிளிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹோஸின் நடுப்பகுதி பளபளவென்று நன்றாக இருக்கும். கிளிப் கடித்த முனையை லேசாக வளைத்தால் யானைத் தோல் போல மெல்லிய வெடிப்புகள் திறக்கும். அந்த வெடிப்புக்குள் தூசி ஒட்டாமல் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தால், அங்கேதான் பெட்ரோல் வந்துபோகிறது. பெட்ரோல் காய்ந்துவிடும், ஆனால் தடம் விடும்: அழுக்கான இன்ஜினில் ஒரு சுத்தமான கோடு, அல்லது காபரேட்டரின் வெளிப்புறத்தில் தேன் நிறக் கறை. வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாக ஒற்றி முகருங்கள். ஓர் இணைப்புக்கு ஒரு தாள். ஒரே தாளை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் எதுவும் பிடிபடாது.

எலியை மறக்க வேண்டாம். நாலு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பானட்டுக்குள் குடும்பம் நடத்திவிடும். பல்தடம் இருந்தால் அந்த ஹோஸை மட்டும் மாற்றி நிறுத்தாமல் பக்கத்து வயர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். தோல் உரிந்த வயரும் ஒழுகும் ஹோஸும் அருகருகே இருப்பதைவிட ஆபத்தான ஜோடி வேறில்லை.

எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். சாவியை ஆன் நிலையில் வைத்தாலே, ஸ்டார்ட் செய்யாமலே, ஓரிரு நொடி உர்ர் என்று ஓடி லைனில் அழுத்தம் ஏற்றும். ஒருவர் சாவியை ஆன், ஆஃப் என்று இரண்டு மூன்று தடவை திருப்ப, இன்னொருவர் ஃபில்டர், இன்ஜெக்டர் வரிசை, ஹோஸ் முனைகளைப் பார்க்கலாம். இன்ஜின் ஓடாமல், பெல்ட் சுற்றாமல் பார்க்க இதுவே நல்ல வழி. இந்த லைனில் அழுத்தம் சுமார் 3 பார், காபரேட்டர் வண்டியைவிடப் பத்து மடங்குக்கு மேல். அதனால் ஈரம் எங்கே தெரிந்தாலும் அத்தோடு நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அழுத்தம் அணைத்த பின்னும் லைனில் நிற்கும். ஹோஸைக் கழற்றினால் முகத்தில் அடிக்கும். இன்ஜின் பக்கமே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ள வண்டியில் அதன் சின்ன வேக்குவம் குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் டயாபிராம் கிழிந்திருக்கிறது.

அடியில் பார்ப்பதற்கு ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே நுழையக் கூடாது. ஸ்டாண்ட் இல்லை என்றால் சர்வீஸ் சென்டர் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோர ஊர் வண்டிகளில் அடித்தளக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் உப்பு ஈரம் தங்கி, அங்கேதான் முதலில் துரு ஓட்டை விழும். டேங்கின் மேல்பக்கமும் அப்படித்தான், சேறு தங்கும் இடம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இரண்டு மூன்று வருடமாக இந்தப் புகார் கூடியிருப்பதாகப் பல மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். இந்தியாவில் 2022 நடுவில் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதம் கலந்த இ20 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-இல் பரவலாகிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதற்கேற்றவை. நம் பழைய வண்டிகளின் ஹோஸ், டயாபிராம், ஓ-ரிங் எல்லாம் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குச் செய்தவை. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும், பிறகு காய்ந்து இறுகும். ஏற்கெனவே வயதானது சீக்கிரம் வெடிக்கும். ஈரப்பதத்தையும் அது இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் இரும்பு டேங்குக்கும் நல்லதல்ல.

இதைச் சொல்லிப் பயமுறுத்துவது நோக்கமில்லை. இருபது வருட ஹோஸ் எந்தப் பெட்ரோலானாலும் மாற்ற வேண்டியதுதான். ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அதே வயதுதானே, எல்லா ரப்பர் ஹோஸையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். வண்டியின் மொத்தச் செலவில் இது சின்னத் தொகை.

மாற்றும்போது

ஹோஸ் வாங்கும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய் உட்துளை அளவு சரிபாருங்கள். எம்பிஎஃப்ஐக்கு ஹோஸின் மேலேயே ‘ஆர்9’ என்று அச்சிட்டது வேண்டும். ‘ஆர்7’ காபரேட்டர் அழுத்தத்துக்கானது. சில கடைகளில் உள்ளே பெட்ரோல் தெரிகிற கண்ணாடி பிளாஸ்டிக் டியூப்பை மாட்டிவிடுவார்கள், பைக் கடைப் பழக்கம். இன்ஜின் சூட்டில் அது கல்லாக இறுகிக் கழன்று வரும், வேண்டவே வேண்டாம். கிளிப்பும் புதிது போடச் சொல்லுங்கள். ஓவராக இறுக்கினால் திருகுக் கிளிப்பின் பல் ரப்பரை அறுத்துவிடும்.

டேங்கில் ஊசித் துளை என்றால், சலவை சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பது நெடுஞ்சாலையில் தெரிந்த பழைய வித்தை. பக்கத்து ஊர் மெக்கானிக் வரை போவதற்கு மட்டும்தான் அது. எம்சீல் போட்டாலும் அப்படியே. டேங்கை வெல்டிங் செய்யும் பேச்சு வந்தால் கவனமாக இருங்கள். காலியான டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, ஏனென்றால் உள்ளே இருப்பது முழுக்க ஆவியும் காற்றும். டேங்க் வேலை மட்டுமே பார்ப்பவர்கள் அதைக் கழுவி ஆவி போக்கிய பிறகே நெருப்பைக் கொண்டுவருவார்கள். “தண்ணி ஊத்தி அலசிட்டேன், ஒண்ணும் ஆகாது” என்கிறவரிடம் டேங்கைக் கொடுக்க வேண்டாம். புதிய டேங்கோ நல்ல நிலையில் உள்ள பழைய டேங்கோ கிடைத்தால் மாற்றுவதே மேல். மாருதி 800 2014-இலும் ஆம்னி 2019-இலும் தயாரிப்பு நின்றாலும், இரண்டுமே ஏராளமாக ஓடிய வண்டிகள் என்பதால் பாகங்கள் தேடினால் கிடைக்கின்றன.

மெக்கானிக்கிடம் இப்போது உங்களால் இப்படிச் சொல்ல முடியும்: “அண்ணே, ஃபுல் டேங்க் போட்டா ரெண்டு நாளைக்கு வாடை வருது, பாதிக்குக் கீழ வந்தா இல்ல. உள்காத்துல வெச்சாலும் அடிக்குது. மூடி வாஷர் நல்லாத்தான் இருக்கு. டேங்க் மேல கேஸ்கெட்டப் பாருங்க.” அவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். கழற்றிய பழைய பாகத்தை வாங்கிப் பாருங்கள், எங்கே வெடித்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் வாடை எந்த நிலையில் வந்ததோ அதே நிலையை உண்டாக்கிப் பாருங்கள். ஃபுல் டேங்கில் வந்தது என்றால் ஃபுல் டேங்க், சரிவில் என்றால் சரிவு, சூட்டில் என்றால் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி. ஒன்றும் செய்யாமலே வாடை இல்லாத நிலையில் சோதித்து ‘சரியாகிவிட்டது’ என்று முடிவுக்கு வருவதில் அர்த்தமில்லை. டிஷ்யூ பேப்பரால் புதிய இணைப்புகளை ஒரு தடவை ஒற்றுங்கள்.

கசிவு நின்றபின்னும் கால்மிதியிலும் சீட் துணியிலும் ஊறியது கொஞ்ச நாள் வீசும். கால்மிதியை வெளியே எடுத்து வெயிலில் காயவைத்து, தரையில் சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டுப் பெருக்கி எடுங்கள். கார் பெர்ஃப்யூமை மாட்டி மறைக்க வேண்டாம், அடுத்த கசிவு வந்தால் தெரியாமல் போய்விடும். கால்மிதி நன்றாகக் காய்ந்தபின்னும் வாடை அப்படியே இருக்கிறது என்றால் அது துணியிலிருந்து வருவதில்லை. இன்னொரு இடமும் ஒழுகுகிறது. பழைய வண்டியில் இரண்டு இடம் ஒரே சமயத்தில் போவது சகஜம், குறிப்பை மறுபடி எழுத ஆரம்பியுங்கள்.